மருந்தடிக்கும் வயலும் தங்காத கருவும்

முதல் கரு அழிந்தால் அல்லாஹ்வின் நாட்டம் என்று ஊர் ஆறுதல் சொல்லும். மூன்றாவதும் அழிந்தால் பேச்சு மாறிவிடும்: பாரம் தூக்கினாளா, பப்பாசி தின்றாளா, கண்ணூறு பட்டதா? கல்முனைப் பகுதியின் நற்பிட்டிமுனையும் இதற்கு விலக்கல்ல. கரு தங்காதவளின் புருஷன் வயல் வட்டையில் என்ன பூச்சிமருந்து அடிக்கிறான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்கக் காரணம் இருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் 2 கோடியே 30 இலட்சம் கருக்கள் சிதைவதாக 2021இல் 'லான்செட்' மருத்துவ இதழ் கணக்குக் காட்டியது. அது வரிசைப்படுத்திய ஆபத்துகளில் வயது, புகைத்தலோடு காற்று மாசும் பூச்சிகொல்லியும் இருந்தன. அதே ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் தாய்மாரை வைத்து நடந்த ஆய்வொன்று, காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது கர்ப்பம் கலையும் வாய்ப்பும் சுமார் 3 சதவீதம் கூடுவதாகக் கண்டது. ஒருத்திக்கு இது சிறிய எண். எல்லோரும் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான் என்பதால் ஊருக்குச் சிறியதல்ல.

ஆனால் இவை கூட்டத்தின் கணக்குகள்; இன்ன பெண்ணின் கரு இதனால்தான் போனது என்று சொல்ல உதவா. திரும்பத் திரும்பக் கரு சிதையும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எல்லாப் பரிசோதனைகளுக்குப் பிறகும் காரணம் பிடிபடுவதில்லை. அதற்காக எல்லாப் பழியையும் நஞ்சின் தலையில் கட்டிவிட்டு, இரத்த உறைவு, தைரொய்ட், கருப்பை, நிறமூர்த்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. நிறமூர்த்தத்துக்குக் கணவனின் இரத்தமும் வேண்டும். முகம் சுளிப்பவர்கள் உண்டு, சுளிக்கட்டும்.

சட்டத்தை நம்பி இருக்கலாமா? எண்டோசல்பான் பூச்சிகொல்லியை இலங்கை 1998இலேயே தடைசெய்தது, பராகுவாட் களைகொல்லியைப் பின்னர் படிப்படியாக விலக்கியது. பெருமைப்படத்தக்க முடிவுகள்தான். ஆனால் அவற்றைத் தூண்டியவை பெரும்பாலும் நஞ்சருந்திய மரணங்கள். குடித்தால் உடனே கொல்வது கண்ணில் படும். தோலாலும் மூச்சாலும் சிறுகச் சிறுக ஏறுவது படாது. போதாக்குறைக்கு, ஆறு ஏழு வாரத்தில் வீட்டிலேயே கலையும் கருக்கள் பல எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

குடும்பநல மாது கருச்சிதைவை எழுதும்போது, வீட்டில் யார், எப்போது, எந்த மருந்து அடித்தார் என்று ஒரு வரி கூடுதலாக எழுதட்டும். கல்முனைப் பகுதிச் சுகாதாரப் பணிமனைகள் அதைப் போகத்துக்குப் போகம் தொகுக்கட்டும். வயலுக்குப் போகும் ஆண்களே, மருந்தடித்த சாரனையும் சேட்டையும் மனைவியின் கையில் கொடுக்காதீர்கள். மற்ற உடுப்போடு சேர்க்காமல் நீங்களே கழுவுங்கள். காற்றைக் கெடுக்கும்படி வளவில் பொலித்தீனைக் கொளுத்துவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.