சந்தை இல்லாத சந்தை ஊர்

ஆன்சைட்ல ஆணி புடுங்குற மக்களே, இங்கிலாந்துல காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் போனா எல்லாரும் கைகாட்டுற ஊர் சிப்பிங் கேம்டன். 'சிப்பிங்'னா பழைய ஆங்கிலத்துல சந்தை. (உருளைக்கிழங்கு சிப்ஸ் இல்லீங்க!) கம்பளி வியாபாரத்துல கொழிச்ச ஊரு. தேன் கலர் கல்லு வீடுங்க, நடுத்தெருவுல 1627ல பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டிக் கொடுத்த சந்தை மண்டபம். வெண்ணெய், சீஸ், கோழி விக்கிறவங்க மழையில நனையக்கூடாதுன்னு கட்டினது. 1940கள்ல அது கைமாறிப் போக இருந்தப்போ ஊர்க்காரங்களே காசு போட்டு வாங்கி நேஷனல் டிரஸ்ட்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க. பாராட்டணும். ஆனா நான் போனப்போ உள்ளே போட்டோ எடுக்குறவங்கதான் இருந்தாங்க. ஒரு கத்தரிக்கா விக்க ஆளில்ல. கட்டடத்தைக் காப்பாத்திட்டாங்க, சந்தை போயிடுச்சு.

அதனால என் கட்சி இதுதான்: கேம்டனை அரை நாள் பாருங்க, தங்குறது பக்கத்துல மார்ட்டன்-இன்-மார்ஷ்ல. லண்டன் பேடிங்டன்லேருந்து நேரா ரயில் இருக்கு. (கேம்டன் ஸ்டேஷனை 1966லயே மூடிட்டாங்க.) அங்கே செவ்வாய்க்கிழமை தெருவோரம் நிஜமாவே சந்தை கூடுது. மண்டபம் கிண்டபம் எதுவும் தேவைப்படல. நாம கொடுக்குற வாடகையும் வாங்குற காய்கறியும் அப்படிப்பட்ட ஊருக்குப் போகட்டுமே. என்ன, வீக்கெண்ட்ல போனா சந்தை இருக்காது. செவ்வாய்க்கிழமை லீவு கேட்டா மேனேஜர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.