கைந்நூல் கிடையாத அட்டை

கணனி வாங்குவோர் அதன் திரையையும் வேகத்தையும் பற்றி விசாரிப்பர். உள்ளே கிடக்கும் வலையமைப்பு அட்டையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆயினும் வெளியுலகச் செய்தி யாவும் அவ்வட்டையின் வாயிலாகவே உள்ளே புகுகின்றன.

அட்டை ஒரு பாஷை பேசும். கணனியை ஆளும் பணிசெயல் முறைமை வேறொரு பாஷை பேசும். இரண்டுக்கும் நடுவே நின்று துபாஷி வேலை பார்க்கும் நிரலுக்கே இயக்கி என்று பெயர். செய்தியொன்றை அனுப்ப வேண்டுமாயின், அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் குறித்து, அட்டையின் பதிவகத்தில் உரிய எண்ணை இயக்கி எழுதும். அட்டை செய்தியை எடுத்தனுப்பிவிட்டு, குறுக்கீட்டுச் சமிக்ஞையால் முடிவை அறிவிக்கும். எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதுவது என்பது அட்டையைச் செய்தவர்களின் கைந்நூலில் இருக்கும். எண் பிழைத்தால் அட்டை ஊமையாகும். நினைவிடம் பிழைத்தாலோ கணனி முழுவதுமே நிலைகுலையும்.

கைந்நூலைக் கொடாவிட்டால் என் செய்வது? 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் சரித்திரத்திலே இதற்கு விடையுண்டு. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மடிக்கணனிகளில் புரோட்கொம் கம்பெனியின் கம்பியில்லா அட்டை பொருத்தப்பட்டிருந்தது. அதற்குத் திறந்த மூல இயக்கியையோ, அதனை எழுதுவதற்கு வேண்டிய விவரங்களையோ கம்பெனி வெளியிடவில்லை.

தன்னார்வ நிரலாளர் சிலர் தாமே வழி தேடினர். கம்பெனியின் இயக்கியைப் பிரித்துப் பார்த்து அப்படியே பிரதி செய்தால் பதிப்புரிமை வழக்கு வரும். ஆகவே இரு குழுவாயினர். ஒரு குழு அவ்வியக்கியை ஆராய்ந்து, அட்டையின் நடத்தையைக் குறிப்பாக எழுதி வைத்தது. மறு குழு கம்பெனியின் நிரலைக் கண்ணாலும் பாராது, அக்குறிப்பை மாத்திரம் கொண்டு புதிதாக எழுதியது. அது 2006 ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.17 பதிப்பிலே சேர்ந்தது.

அப்போதும் ஒரு குறை இருந்தது. அட்டையினுள்ளே ஓடும் நிலைபொருள் கம்பெனியின் உடைமை. அதைப் பகிர அனுமதியில்லை. பாவிப்பவரே கம்பெனியின் இயக்கியிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 2010 செப்டெம்பரில் அதே கம்பெனி தன் புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியைத் தானே வெளியிட்டது.

காசு வாங்கிக்கொண்டு பொருளை மாத்திரம் கொடுத்து, அதனை இயக்கும் வகையை மறைப்பவன் பாதிப் பொருளையே விற்கின்றான். ஆனால் அம்மறைப்புக்கு எதிராகத் திருட்டு வழியை நாடாமல், நேர்வழியின் நீளத்தைப் பொறுத்துக்கொண்டார்களே, அதுவே நாம் மெச்சத்தக்கது.

மாணவர்களே, இவ்வித்தையைப் பழக விரும்பின் ரியல்டெக் 8139 அட்டையிலே தொடங்குங்கள். செய்தி அனுப்புவதற்கு நான்கே இடங்களைக் கொண்ட எளிய அட்டை அது. விவர நூலும் கிடைக்கும். இயக்கியும் லினக்ஸ் மூலநிரலில் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நூலில் உள்ள எண் நிரலிலே உயிர் பெறுவதைக் காண்பீர்கள்.