தொழிலாளியின் இன்ஷூரன்ஸ் நம்பர்

ஜவளகிரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கேழ்வரகுக் கொல்லையை மட்டும் நம்பி ஜீவனம் செய்த காலம் போய்விட்டது. வாலிபர்கள் ஓசூர் ஆலைகளுக்குப் போகிறார்கள். கூலி சற்று அதிகமென்றால் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கும் ஜிகணிக்கும் போகிறார்கள். அதில் குற்றமொன்றுமில்லை. உழைப்பவன் தன் உழைப்பை நல்ல விலைக்கு விற்க உரிமை பெற்றவன். ஆனால், ஆலை மாறும்போது அவன் அறியாமலே கையைவிட்டு நழுவும் சொத்து ஒன்று உண்டு. அதுவே அவனுடைய ஈ.எஸ்.ஐ. நம்பர்.

இது எவரும் இட்ட பிச்சையன்று. பேராசிரியர் அடார்க்கர் 1944-ல் அளித்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, சுதந்திர இந்தியா 1948-ல் சட்டம் இயற்றிற்று. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் ஜவஹர்லால் நேரு திட்டத்தைத் துவக்கி வைத்தார். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி, நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றேகால் ரூபாயும் செலுத்துகின்றனர். வேலையை விட்டு விலகும்போது இப்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கில்லை. தொழிலாளியின் கணக்கில் சேருவது பணமல்ல. சந்தா செலுத்திய நாட்களே.

அந்த நாட்களின் மதிப்பைப் பார்ப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் 78 நாள் சந்தா இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோயுற்ற நாட்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம் உதவி கிடைக்கும். ஒருவன் ஏப்ரலில் தொடங்கி ஓசூரில் 50 நாளும், ஜூலை முதல் அத்திப்பள்ளியில் 60 நாளும் உழைத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நம்பரானால் 110 நாள். ஜனவரியில் படுத்தாலும் அடுப்பு எரியும். புது ஆலையில் புது நம்பர் போட்டுவிட்டாலோ, பழைய நம்பரில் 50 நாள் போதாது. புது நம்பரில் அவன் புதியவன், ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். க்ஷயம் போன்ற நீண்ட நோய்களுக்குரிய விசேஷ உதவிக்கோ இரண்டாண்டுத் தொடர்ச்சி அவசியம். அந்தத் தொடர்ச்சியும் அறுந்து போகிறது.

தொழிலாளி பழைய நம்பரைச் சொல்லவில்லை என்று ஒப்பந்தக்காரர்கள் சமாதானம் கூறக்கூடும். கேட்டார்களா என்பதே நமது கேள்வி. ஆளைச் சேர்க்கும்போது முன்னரே நம்பர் உண்டா என்று விசாரிப்பது அவர்கள் கடமை. புது நம்பர் போடுவது அவர்களுக்குச் சுலபம். நஷ்டமோ ஏழைக் குடும்பத்துக்கு.

ஆயுள் முழுவதற்கும் ஒரே நம்பர் என்பதே விதி. அதற்குத் தமிழ்நாடு, கர்நாடகம் என்ற பேதமில்லை. ஆகவே தொழிற்சங்கத்தார் ஆலை வாசலிலேயே ஒவ்வொரு புதிய ஆளின் நம்பரையும் சரிபார்க்க வேண்டும். இரண்டு நம்பர் உள்ளவர்கள் அவற்றை ஒன்றாக்கும்படி கிளை ஆபீசில் எழுத்து மூலம் கோர வேண்டும். ஈ.எஸ்.ஐ. அதிகாரிகளும் ஓசூரில் மனுவை எதிர்பார்த்து உட்கார்ந்திராமல், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் விளம்பரம் செய்து, எல்லைக் கிராமங்களுக்கே வரவேண்டும்.

ஆலை முதலாளியுடையது, நம்பர் தொழிலாளியுடையது. அதை அழித்தெழுத எவருக்கும் அதிகாரமில்லை.