பேய்ப் படம் எடுத்தீங்க, கோயிலுக்குப் போனீங்களா?

பள்ளி விடுமுறை வந்தா போதும், பத்து காஜா கெல்லி மாளிகைப் படங்கள் நம்ம குழுவில் நிறைஞ்சிடுது. இருட்டுப் படிக்கட்டு, செங்கல் தெரியும் சுவர், கீழே "பேய் வீடு"ன்னு ஒரு வரி. அந்தச் சிலிர்ப்பு எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். பாதியில் நின்னுபோன கட்டடத்துக்கு ஒரு இழுப்பு இருக்கத்தான் செய்யுது.

ஆனா அந்தச் செங்கல்லை அடுக்கியது யார்? ஸ்காட்லாந்துத் தோட்டத்துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் இதைத் தொடங்கினார். வேலை செய்தவர்களில் பலர் மதராஸிலிருந்து வந்த நம்ம ஆட்கள். உலகையே ஆட்டிய விஷக்காய்ச்சல் இங்கேயும் வந்து அவங்கள்ல பலரைக் கொண்டுபோச்சு. ஆளுங்க கேட்டுக்கிட்டதால்தான் பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியது. துரை 1926இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை அப்படியே நின்னுபோச்சு. கோயில் இன்னும் இருக்கு. கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பு, தொப்பி போட்ட துரை சிலையும் இருக்கு! அதைப் படம் எடுத்தவங்க நம்மில் எத்தனை பேர்?

பேய்னு சிரிச்சுக்கிட்டே எழுதறோமே, அங்கே செத்தது நம்ம பாட்டன் காலத்து ஜனங்க. படம் எடுங்க, வேணாம்னு சொல்லலை. அந்த வரியை மட்டும் மாத்துங்க. கோயில் காரில் சில நிமிஷம்தான். செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போய், அவங்க பேரில் ஒரு சூடம் ஏத்திட்டு வாங்க.