பின்னணியைக் குறைக்கக் கற்ற ஊர்

நெபுலா எடுக்க வேண்டுமென்றால் லடாக்கின் ஹான்லேவுக்குப் போ, முடியாவிட்டால் ஜவ்வாது மலைக்காவது போ. புதிதாகக் குளிர்விப்புக் கேமரா வாங்குகிறவருக்கு நம் வட்டத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை இது. இருட்டைத் தேடிப் போவதில் தவறில்லை. ஆனால் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்பும் தங்கவயல்காரருக்கு ஆண்டில் இரண்டொரு இருட்டு இரவு கிடைத்தால் பெரிது. வீட்டுத் தோட்டமோ மேகமில்லாத இரவெல்லாம் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதே இந்த இதழில் நாம் பேச விரும்புவது.

கோலார் தங்கவயலுக்கு மின்வெளிச்சம் நேற்று வந்ததல்ல. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இங்குள்ள சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூர் 1905 வரை காத்திருந்தது. அதே ஊருக்கு இன்னொரு மரபும் உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1965இல் இந்தச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் அங்கே பதிவானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இயற்பியலாளர் ரைன்ஸின் குழுவும் அதே ஆண்டில் அதே தடயத்தைக் கண்டது. நியூட்ரினோவின் வரத்தைக் கூட்ட யாராலும் முடியாது. அதை மறைக்கும் மியூவான் துகள்களைப் பாறையால் வடிகட்டினார்கள். மேலிருந்து வந்து சேரும் மிச்சத்தைத் தவிர்க்க, பக்கவாட்டில் வரும் துகள்களைத் தேடினார்கள். பிறகு பொறுமையாக எண்ணினார்கள். குறிப்பலையைக் கூட்ட முடியாதபோது பின்னணியைக் குறை. எஞ்சியதைக் காலத்தால் வெல். தோட்டத்தில் தொலைநோக்கி வைப்பவருக்கும் வழி இதுதான்.

வானத்தின் சராசரி வெளிச்சத்தை மென்பொருளில் கழித்துவிடலாம். அந்த வெளிச்சம் கூடவே கொண்டுவரும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. நெபுலாவின் மங்கலான ஓரங்களைத் தின்பது அந்த இரைச்சலே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுர விகலைக்கு 21.5 மேக்னிட்யூட் உள்ள வானத்துக்கும் 18.5 உள்ள வானத்துக்கும் இடையே பின்னணி ஏறக்குறைய 16 மடங்கு மாறுகிறது. வடிகட்டி இல்லாமல் எடுத்தால், மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதை ஊருக்குள் பெற 16 மணி நேரம் வேண்டும். கேமராவை மாற்றினாலும் இந்த விகிதம் மாறாது.

இங்கேதான் குறும்பட்டை வடிகட்டி பாறையின் வேலையைச் செய்கிறது. உமிழ்வு நெபுலாக்கள் தம் ஒளியைச் சில கோடுகளில் குவிக்கின்றன. ஹைட்ரஜன் ஆல்பா 656.3 நானோமீட்டரிலும் இரட்டை அயனி ஆக்சிஜன் 500.7லும் இருக்கின்றன. 300 நானோமீட்டர் அகலத்தில் பரவிய வானவெளிச்சத்தில் 3 நானோமீட்டரை மட்டும் உள்ளே விட்டால் பின்னணி நூறில் ஒரு பங்காகக் குறையும். நெபுலாவின் கோடு பெரும்பாலும் அப்படியே வரும். சோடியம் விளக்குக் காலத்தில் வாங்கிய அகலமான ஒளிமாசு வடிகட்டிகளை இன்னும் நம்பியிருப்பவர்கள் யோசிக்க வேண்டும். அவை சோடியம், பாதரசக் கோடுகளை வெட்டச் செய்தவை. நிறமாலை முழுக்கப் பரவும் எல்இடி வெளிச்சத்தை அவற்றால் தடுக்க முடியாது.

அதனால் முதல் முடிவு, எதை எடுப்பது என்பது. ரொசெட், ஓரியன், வெய்ல், டம்பெல் எல்லாம் தோட்டத்துக்கு உகந்தவை. கார்த்திகைக் கூட்டத்தைச் சூழ்ந்த நீலத் தூசியும் எம் 78ம் அப்படியல்ல. அவை நட்சத்திர ஒளியைப் பிரதிபலிப்பவை. தொடர் நிறமாலை கொண்டவை. எந்த வடிகட்டியும் அவற்றைத் தெருவிளக்கிலிருந்து பிரித்துத் தராது. அவற்றை மலைப் பயணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, எப்போது, எந்தத் திசையில். நமக்கு மேற்கே பங்காருப்பேட்டை, அதற்கப்பால் பெங்களூர். எனவே பொருள் கிழக்கே ஏறும்போது தொடங்கி, உச்சி தாண்டி மேற்கே 40 பாகைக்கு இறங்கியதும் நிறுத்துவது நல்லது. ரொசெட் இங்கே ஏறக்குறைய தலைக்கு மேல், 82 பாகை உயரத்தில் உச்சி கடக்கிறது. சனவரி, பிப்ரவரி மாதங்கள் அதற்கு. லகூனும் ஈகிளும் முன்னிரவில் உயரும் மாதங்களை மழைமேகம் எடுத்துக்கொள்கிறது. அவற்றை மார்ச், ஏப்ரல் பின்னிரவுகளில் பிடிக்க வேண்டும். கரீனா தெற்கே 17 பாகைக்கு மேல் ஏறாது. உச்சியில் உள்ளதைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட காற்றைத் தாண்டி வரும். நிலா இரவுகளில் ஆல்பா, நிலவில்லா இரவுகளில் ஆக்சிஜன் என்று பிரித்துக்கொண்டால் மாதத்தில் வீணாகும் இரவுகள் குறையும்.

மூன்றாவது, தென்னிந்தியாவுக்கே உரிய தொல்லை. துருவ நட்சத்திரம் இங்கே 13 பாகை உயரத்தில்தான். பக்கத்து வீட்டு மாடியோ மரமோ அதை மறைத்துவிடும். சில மவுண்ட்களில் அவ்வளவு தாழ்ந்த சாய்வில் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவமே தெரியாவிட்டாலும் வானத்தின் வேறு பகுதியில் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சைக் கணக்கிடும் வசதி நினா போன்ற மென்பொருள்களில் இருக்கிறது, அதைப் பழகுங்கள். சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்று கிளப்பும் தூசி கண்ணாடியில் படிவதால், ஒவ்வொரு இரவுக்கும் புதிய ஃபிளாட் எடுப்பதையும் வழக்கமாக்குங்கள்.

இவ்வளவும் செய்யலாம் என்பதால் தெருவிளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. வடிகட்டி புகைப்படக்காரரைக் காப்பாற்றும். வெறுங்கண்ணால் பால்வீதி பார்க்க நினைக்கும் பள்ளிப் பிள்ளையைக் காப்பாற்றாது. வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மறைப்புள்ள விளக்கு, 3000 கெல்வினுக்கு மிகாத நிறம், நள்ளிரவுக்குப் பின் மங்கல்: இம்மூன்றையும் நகரசபையிடம் எழுத்தில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. மின்கட்டணம் குறையும் என்பதையும் அந்த மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

நம் இதழுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தோட்டத்தில் 20 மணி நேரம் சேர்த்த படமும் ஹான்லேயில் 2 மணி நேரம் எடுத்த படமும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும்போது, பின்னதை மட்டும் வியக்கும் பழக்கத்தை நாமே வளர்த்திருக்கிறோம். ஆகவே படம் அனுப்புகிறவர்கள் எடுத்த இடத்தின் வானப் பிரகாசம், மொத்த ஒளியூட்ட நேரம், வடிகட்டியின் பட்டை அகலம், எந்தக் கோட்டுக்கு எந்த நிறம் கொடுத்தீர்கள் என்ற விவரம் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். இவை இல்லாத படங்களை அடுத்த இதழிலிருந்து வெளியிட மாட்டோம்.