எல்லையறிதலும் கல்வியே

பழங்கணினிகளின் நினைவக எல்லைகளை இன்று கற்பதனாற் பயன் யாதென இளமாணவர் சிலர் வினவுதல் கூடும். கைத்தொலைபேசியே பல கிகாபைற்று நினைவகத்தைத் தாங்கிவரும் இக்காலத்தில் அவ்வினா எழுதல் இயல்பே. ஆயினும், அவ்வெல்லைகளைக் கல்லாதார் கணினியைப் பாதியளவே கற்றவராவர் என்பது எமது துணிபு.

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் இன்டெல் 8088 முறைவழியாக்கிக்கு முகவரிக் கம்பிகள் இருபதே. ஆகவே அது சுட்டவல்ல நினைவகம் 1,024 கிலோபைற்று. அதனுள் 640 செய்நிரல்களுக்கு விடப்பட்டது. எஞ்சிய 384 திரைக்கும் பிற வன்பொருள்களுக்கும் ஒதுக்கப்பட்டது. வெறும் 16 கிலோபைற்றுடனும் விற்பனையான கணினிக்கு 640 பெருஞ்செல்வமே. சில ஆண்டுகளில் அச்செல்வமும் போதாதாயிற்று.

இதனினும் நுட்பமானது நேரடி நினைவக அணுகலின் எல்லை. வட்டிலிருந்து வருந் தரவை ஒவ்வொரு பைற்றாக முறைவழியாக்கியே சுமப்பின் அதன் காலம் வீணாகும். அச்சுமையை 8237 என்னுந் தனிச்சில்லு ஏற்றது. ஆனால் அதன் முகவரி எண்ணி 16 பிற்று அளவினது. 64 கிலோபைற்றுக்கு அப்பால் எண்ணமாட்டாது. முகவரியின் மேற்பகுதியைத் தாங்கிய பிறிதொரு பதிவகமோ தானாக மாறுவதில்லை. எனவே தரவு அவ்வெல்லையைக் கடக்க நேரின், முற்றும் ஒன்பதாகிய மைல்மானி மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புமாறு போல, எண்ணியும் தொடக்கத்துக்கே திரும்பும். எஞ்சிய தரவு அங்கிருந்த வேறொன்றின்மேல் எழுதப்பட்டு அதனை அழிக்கும். சில்லோ தன் பணி இனிதே முடிந்ததென அறிவிக்கும்! பிழையென்று தோன்றாமலே நிகழும் பிழையினும் கொடியது யாது? ஆதலின் அக்காலப் பணிசெயல் முறைமைகளை இயற்றியோர் அவ்வெல்லையைச் சோதித்தே தரவை ஏவவேண்டியவராயினர்.

1984 இல் வந்த ஏ.ரீ. கணினி 24 கம்பிகளால் 16 மெகாபைற்றையும், 1985 இல் வந்த 80386 முறைவழியாக்கி 32 கம்பிகளால் 4 கிகாபைற்றையும் சுட்டவல்லனவாயின. ஆயினும் முன்னரே வாங்கிய அட்டைகள் பயனற்றுப் போகாவண்ணம் பழைய தரவுவழி பேணப்பட்டது. அவ்வழியோ 16 மெகாபைற்றைத் தாண்டாது. ஆகவே லினக்ஸ் முறைமை அவ்வெல்லைக்குட்பட்ட பகுதியைத் தனியே வகுத்து வைத்தது. மேலே செல்லவேண்டிய தரவு முதலில் அங்கே இறக்கப்பட்டு, பின்னர் உரிய இடத்துக்குப் படியெடுக்கப்பட்டது. ஒரு வேலை இரு வேலையாயிற்று. எனினும் பழைய கருவியும் வாழ்ந்தது, புதிய நினைவகமும் பயன்பட்டது.

இவற்றைக் கண்டு முன்னோரைக் குறுநோக்கினர் என்று எள்ளுவாருமுளர். அக்கூற்றை நாம் ஏற்கிலோம். நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் சிக்கனமாக அமைத்தல் அறிவுடைமையே. எல்லை வகுத்தல் குற்றமன்று. வகுத்த காரணத்தைப் பின்வந்தோர் மறத்தலே குற்றம். இக்கதை முடிந்ததுமன்று. 32 பிற்று முகவரி மட்டுமே அறிந்த கருவியை 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகமுடைய கணினியிற் பூட்டும்போது, இரட்டைப் படியெடுப்பாகிய அதே உபாயம் இன்றும் வேண்டப்படுவதுண்டு.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்று. ஆய்வுகூடத்தின் மூலையிற் கிடக்கும் பழங்கணினியைக் குப்பையில் எறியுமுன், அதனைத் திறந்து மாணவருக்குக் காட்டுங்கள். மாணவச் செல்வங்களே! நாளை நீவிரும் எல்லைகள் வகுப்பீர். அவற்றின் அருகே காரணத்தையும் எழுதி வையுங்கள். உமக்குப் பின் வருவோர் இடறாது நடத்தற்கு அதுவே விளக்காகும்.