காலண்டர் படம்

நிலக்காட்சி ஓவியம் என்றதும் நம் சிற்றிதழ் வட்டத்தில் ஒரு சலிப்பு எழும். ‘காலண்டர் படம்’ என்ற இரண்டே சொற்களில் விமர்சனம் முடிந்துவிடும். ஆதிமூலத்தின் அரூப நிலவெளிகளைக் கொண்டாடுகிறவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) நிலத்தை உள்ளபடி வரைபவனைக் கைவினைஞன் என்று ஒதுக்குவது ஏன் என்பதை எவரேனும் விளக்கினால் நன்று. பீட்டர் ஹர்டை இங்கே அழைப்பது அதற்காகத்தான்.

ஹர்ட் 1904இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியைப் பாதியில் துறந்து, பென்சில்வேனியாவில் என்.சி. வயத்திடம் ஓவியம் பயின்றார். அவருடைய மகளும் ஓவியருமான ஹென்ரியட்டை 1929இல் மணந்தார். கலை வரலாறு இவரை ஆண்ட்ரூ வயத்தின் மைத்துனராகவே நினைவில் வைத்திருக்கிறது. முட்டை மஞ்சள்கருவில் வண்ணம் குழைக்கும் டெம்பரா முறையை அந்த ஆண்ட்ரூவுக்கு அறிமுகப்படுத்தியவர் இவர்தான் என்பது அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. பத்திரிகைகளுக்கோ இன்னொரு நினைவு: இவர் வரைந்த தன் உருவப்படத்தை ஜனாதிபதி ஜான்சன், தான் கண்டதிலேயே அவலட்சணமானது என்று நிராகரித்த 1967ஆம் ஆண்டுச் செய்தி. இத்தனைக்கும் ஜான்சனும் டெக்சாஸில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர்.

இவ்விரு துணுக்குகளுக்கும் அடியில் புதைந்து கிடப்பது ஐம்பதாண்டு வாழ்க்கை. 1930களில் ஹோண்டோ பள்ளத்தாக்கின் சான் பட்ரீசியோவில் நிலம் வாங்கி, மாடு வளர்த்து, பழத்தோட்டம் வைத்து, குதிரையேறித் திரிந்து, அந்த நிலத்தையே வரைந்தார் ஹர்ட்; 1984இல் மறையும்வரை. டெம்பரா உடனே உலர்ந்துவிடும். மெல்லிய கோடுகளை அடுக்கடுக்காக இட்டுத்தான் முன்னேற வேண்டும். வறண்ட காற்றின் கூசும் ஒளிக்கு அது பொருந்திற்று. அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் காற்றாலையும் தண்ணீர்த் தொட்டியும் அழகுக்காக வைத்தவை அல்ல. அங்கே நிலத்தடி நீர் மேலே வந்தால்தான் மாடு பிழைக்கும். கண்காட்சிக்கு வருபவன் வெறுமையைப் பார்க்கும் இடத்தில், மாடு வைத்திருப்பவன் எத்தனை நாளைக்குப் புல் தாங்கும் என்று பார்க்கிறான்.

இனி கும்மிடிப்பூண்டி. அவ்வட்டத்துத் தேர்வாய் கண்டிகை என்றால் சென்னைவாசிகளுக்கு இன்று 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம்தான் நினைவுக்கு வரும். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அவ்வூரின் பொது மேய்ச்சல் நிலம், ஆயிரம் ஏக்கருக்கும் மேல், சிப்காட்டுக்குப் போயிற்று. 2009இல் மிஷ்லின் டயர் ஆலைக்கு ஒப்பந்தமாயிற்று. ஊரார் போராடினர், 2012இல் அவர்களது முறையீடு பிரான்சு வரை சென்றது. வருவாய்த் துறை ஏட்டில் அது மேய்க்கால் புறம்போக்கு. அவர்களுக்கோ அது காடு, விறகு, ஏரிக்கு நீர் வரும் வழி. முல்லைத் திணை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், நம் காலத்து முல்லையைத் ‘தரிசு’ என்று கோப்பு சொன்னதும் தலையாட்டிவிட்டோம்.

ஹர்டையும் புனிதராக்க வேண்டியதில்லை. அவர் கையில் பத்திரம் இருந்தது. தேர்வாய் கண்டிகை மேய்ப்பர்களிடம் அது இல்லை. அவர் வரைந்த அகன்ற வெளி, அதற்கு முன் மெஸ்கலேரோ அப்பாச்சிகளின் பூமி. அதை ஆளற்ற நிலமாகக் காட்டும் படத்திலும் ஒரு கோப்பு ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டால் மறுக்கமாட்டேன். ஆனால் வாதிடுவதற்கேனும் அங்கே படம் இருக்கிறது. தேர்வாய் கண்டிகை மேய்ச்சல் வெளியை வரைந்த ஓவியம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஒரு காலண்டர் படமாகவேனும் இருந்திருக்கலாம்.